மாஃபியா ஆட்டம் சொதப்பும்போது: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழிமுறை

கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் மாஃபியாவை மற்றவர்கள் பேசிப் பேசிக் கண்டுபிடிக்கும் மாஃபியா ஆட்டம் பாதியில் படுத்துவிட்டால், கூடியிருப்பவர்கள் பழியை ஆட்டக்காரர்கள் மேல்தான் போடுகிறார்கள். "இவனுக்குப் பொய் சொல்லவே வராது", "அவ சிரிச்சே காட்டிக் குடுத்துடுவா" என்று பேச்சு போகும். விசேஷ வீடுகளிலும் விடுதி அறைகளிலும் அலுவலகச் சுற்றுலாக்களிலும் இந்த ஆட்டத்துக்கு நடுவராக இருந்து வந்ததில் நான் கண்டது வேறு. கோளாறு பெரும்பாலும் இரவை நடத்தும் விதத்தில் இருக்கிறது. அடுத்தபடியாக ஆள் கணக்கில் இருக்கிறது. ஆட்டக்காரர்களின் சாமர்த்தியக் குறைவு மூன்றாவது இடத்துக்குத்தான் வருகிறது. ஆகவே கீழே எந்த அறிகுறியை எடுத்துக்கொண்டாலும், செலவில்லாத திருத்தம் முதலிலும், விதியை மாற்றுவது அடுத்தும், ஆட்டத்தையோ நடுவரையோ மாற்றுவது கடைசியிலும் வரும்படி எழுதியிருக்கிறேன்.

விதிகள் வீட்டுக்கு வீடு மாறுவதால், நான் எதை வைத்துப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நடுவர் நீங்கலாக 10 பேர். சீட்டு எடுத்ததில் 2 பேர் மாஃபியா, ஒருவர் போலீஸ், ஒருவர் டாக்டர், மீதி 6 பேர் ஊர்க்காரர்கள். மாஃபியா இருவருக்கு மட்டுமே ஒருவரையொருவர் தெரியும். இரவில் எல்லாரும் கண்ணை மூட, நடுவர் அழைக்கும்போது மாஃபியா கண்ணைத் திறந்து சைகையால் ஒருவரைக் கொல்லத் தேர்ந்தெடுக்கும். டாக்டர் ஒருவரைக் காப்பாற்றுவார். போலீஸ் ஒருவரைச் சுட்டிக்காட்ட, அவர் மாஃபியாவா என்பதை நடுவர் தலையசைத்துச் சொல்வார். விடிந்ததும் யார் செத்தார் என்று அறிவித்து, உயிரோடிருப்பவர்கள் வாதாடி, பெரும்பான்மை வாக்கால் ஒருவரை வெளியேற்றுவார்கள். மாஃபியா முழுவதும் வெளியேறினால் ஊர் ஜெயிக்கும். மாஃபியாவின் எண்ணிக்கை மற்றவர்களின் எண்ணிக்கைக்குச் சமமானால் மாஃபியா ஜெயிக்கும். 1986இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்த திமித்ரி தவிதோவ் உருவாக்கிய ஆட்டம் இது. 1997இல் ஆண்ட்ரூ பிளாட்கின் மாஃபியாவுக்குப் பதிலாக ஓநாய் மனிதர்களை வைத்து எழுதியது மறுவடிவம். இரண்டுக்கும் கோளாறுகள் ஒன்றே, மருந்தும் ஒன்றே.

அறிகுறி: முதல் பகலிலேயே மாஃபியாவைச் சரியாகப் பிடித்துவிடுகிறார்கள்

ஒருமுறை நடந்தால் அதிர்ஷ்டம். அடுத்தடுத்த ஆட்டங்களிலும் யாரும் வாதாடாமலே சரியான ஆளைக் கை காட்டினால், இரவில் ஏதோ கசிகிறது என்று பொருள். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. அடுத்த இரவில் நீங்களும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

*சத்தம் கேட்கிறதென்றால்*

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டினால் நாற்காலி முனகும். கண்ணாடி வளையல் போட்டிருப்பவர் சுட்டிக்காட்டினால் வட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். பாயிலோ ஜமுக்காளத்திலோ உட்கார்ந்து ஆடினால் இந்தத் தொல்லையில் பெரும்பங்கு போய்விடும். அதுவும் போதாதென்றால், இரவு முழுவதும் எல்லாரும் தங்கள் தொடையில் கையால் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும்படி சொல்லுங்கள். அந்தச் சத்தத்தில் வளையல் ஓசை கரைந்துவிடும். பாட்டு போட்டுவிடுவதும் உதவும், ஆனால் பாட்டு நிற்கும் இடைவெளியில் கசிவு மறுபடி தொடங்கும் என்பதால் நான் தட்டச் சொல்வதையே விரும்புகிறேன்.

*நடுவரின் குரல் காட்டிக்கொடுக்கிறதென்றால்*

இதுதான் அதிகம் நடப்பது, நடுவருக்குத் தன்மேல் சந்தேகம் வராததால் கடைசிவரை கண்டுபிடிக்கப்படாததும் இதுதான். "மாஃபியா, யாரைக் கொல்றீங்க?" என்று கேட்கும்போது நடுவர் அறியாமலே மாஃபியா இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்புகிறார், கண்ணை மூடியிருப்பவர்களுக்குக் குரல் எந்தத் திசைக்குப் போகிறது என்பது துல்லியமாகத் தெரியும். வட்டத்துக்கு வெளியே நின்று சுவரையோ ஜன்னலையோ பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டு, பேச்சு முடிந்த பிறகே ஆட்களின் பக்கம் திரும்ப வேண்டும். நடந்துகொண்டே பேசினால் இன்னும் நல்லது. "சரி, அவரையா, நிச்சயமாவா?" என்று இரண்டாவது கேள்வி கேட்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அந்த "அவரை" என்ற சொல்லிலேயே சாகப்போவது ஆண் என்பதோ வயதில் மூத்தவர் என்பதோ வெளியே வந்துவிடுகிறது.

இன்னொன்று, டாக்டர் செத்த பிறகும் ஒவ்வொரு இரவும் டாக்டரை அழைக்க வேண்டும், போலீசையும் அப்படியே. அழைத்துவிட்டு, உயிரோடிருந்தால் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாரோ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். மனத்துக்குள் பத்து வரை எண்ணுவது எளிய வழி. எல்லாரையும் ஒரே அளவு நேரம் அழைக்கும் நடுவரின் இரவில் எதுவும் கசியாது.

*சீட்டே காட்டிக்கொடுக்கிறதென்றால்*

நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்துப் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் பின்பக்கம் எழுத்து துருத்தி நிற்கும். மடிப்பும் ஒன்றுபோல் இருக்காது. அதோடு "ஊர்க்காரர்" என்பது நீளமான சொல், "டாக்டர்" சிறிய சொல். சீட்டுக்கட்டு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கறுப்பு ஜாக்கி இரண்டும் மாஃபியா, ஆட்டின் (சிவப்பு இதயம்) ராஜா போலீஸ், ஆட்டின் ராணி டாக்டர், மீதி சிவப்பு எண்கள் ஊர்க்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சீட்டைப் பார்த்ததும் நடுவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மடியில் வைத்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார், சந்தேகத்துக்கு ஆளானவர் அதைத் தூக்கிக் காட்டியே தப்பித்துவிடுவார்.

*இவை எல்லாம் சரியாக இருந்தும் கசிந்தால்*

யாரோ கண்ணைத் திறக்கிறார். குழந்தைகள் இருக்கும் கூட்டத்தில் அவர்களைத் திட்டாதீர்கள். ஆளுக்கொரு துண்டையோ துப்பட்டாவையோ கொடுத்து முகத்தை மூடச் சொல்லுங்கள். ரஷ்யாவில் நடக்கும் மாஃபியா போட்டிகளில் பெரியவர்களே முகமூடி அணிந்துதான் இரவைக் கழிக்கிறார்கள் என்பதைச் சொன்னால், பெரியவர்களும் கூச்சப்படாமல் போட்டுக்கொள்வார்கள்.

அறிகுறி: பகலில் யாரும் வாய் திறப்பதில்லை

நடுவர் "பேசுங்க" என்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், யாரோ ஒருவர் "எனக்கென்னவோ ரமேஷ்னு தோணுது" என்கிறார், ஐந்து கைகள் தூக்கப்படுகின்றன, பகல் முடிந்துவிடுகிறது. இதில் ஏமாற்று வித்தை எதுவும் இல்லை, ஆகவே ஆட்டமும் இல்லை.

*முதல் பகலில் மட்டும் அமைதி என்றால்*

அது இயல்பு, பேசுவதற்கு அன்று எந்தத் தடயமும் இருக்காது. முதல் பகலில் வாக்கெடுப்பே வேண்டாம் என்று விட்டுவிடுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் யார் யாருக்கு எதிராகக் கை தூக்கினார் என்பதே இரண்டாம் நாளின் தடயம். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் சந்தேகப்படும் ஒருவரையும் நம்பும் ஒருவரையும் காரணத்தோடு சொல்ல வேண்டும் என்று வையுங்கள். காரணம் அற்பமாக இருந்தாலும் பரவாயில்லை. மாஃபியா சொல்லும் காரணம் மூன்றாம் நாளில் தானாகவே மாறிப்போயிருக்கும்; அப்போது பிடித்துக்கொள்ளலாம்.

*இரண்டு மூன்று பேர் மட்டுமே பேசுகிறார்கள் என்றால்*

முறை வைத்துப் பேச விடுங்கள். வட்டத்தில் வரிசையாக ஆளுக்கு ஒரு நிமிடம். கைப்பேசியில் நேரம் ஓடட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. ரஷ்யப் போட்டிகளின் விதியும் இதே ஒரு நிமிடம்தான். அங்கே குறுக்கே பேசுபவருக்கு நடுவர் எச்சரிக்கை கொடுப்பார், மூன்றாவது எச்சரிக்கையோடு ஒரு முறை பேசும் உரிமை போகும், நான்காவதோடு ஆளே வெளியே போக வேண்டும். வீட்டில் அவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லை என்றாலும், குரல் பெரிதாக உள்ளவருக்கு இரண்டு எச்சரிக்கை கொடுத்துப் பாருங்கள், அதுவரை வாயே திறக்காத பெரியம்மா எவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறார் என்பது தெரியவரும். ஒவ்வொரு நாளும் பேச்சைத் தொடங்குபவர் முந்தின நாள் தொடங்கியவருக்கு அடுத்தவராக இருக்கட்டும்; இல்லாவிட்டால் கடைசியில் பேசுபவருக்கே எப்போதும் சாதகமாகிவிடும்.

*மரியாதை தடுக்கிறதென்றால்*

நம் வீடுகளில் இந்தக் காரணத்தைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருமகள் மாமனாரைப் பார்த்து "நீங்க பொய் சொல்றீங்க" என்று சொல்ல மாட்டாள். பத்தாம் வகுப்புப் பையன் பெரியப்பாவை ஊரை விட்டு அனுப்பக் கை தூக்க மாட்டான். அலுவலகத்தில் மேலாளர் மாஃபியாவாக இருந்தால் கடைசி இரவு வரை சௌக்கியமாக உயிரோடிருப்பார். இந்தக் கூச்சத்தை மாஃபியா சீக்கிரமே கண்டுகொள்கிறது. இளையவர்களைக் கொன்றுவிட்டு மூத்தவர்கள் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

செலவில்லாத திருத்தம், பெயரையும் உறவுமுறையையும் ஆட்டம் முடியும்வரை எடுத்துவிட்டு எண்ணால் அழைப்பது. ஒவ்வொருவர் முன்பும் ஒரு தாளில் 1 முதல் 10 வரை எண் எழுதி வையுங்கள். "பெரியப்பா பொய் சொல்றாரு" என்று சொல்ல நாக்கு எழாதவன், "4ஆம் எண் நேத்து 7ஆம் எண்ணைத் தாங்கிப் பேசினாரு, இன்னைக்கு அவரையே மாட்டிவிடறாரு, ஏன்?" என்று தாராளமாகக் கேட்பான். மரியாதைப் பன்மை அப்படியே இருக்கட்டும். அதை எடுக்கச் சொன்னால் விளையாட்டு வேறு திசையில் போய்விடும். போட்டிகளில் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் எண்ணால்தான் அழைக்கப்படுகிறார்கள். அங்கே அதற்குக் காரணம் வேகம், இங்கே நமக்குக் கிடைப்பது தைரியம்.

அதுவும் பலிக்காவிட்டால் வாக்கெடுப்பை மாற்றுங்கள். கை தூக்குவதற்குப் பதிலாக, நடுவர் மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். யார் முதலில் கை தூக்கினார் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. ரகசியச் சீட்டு வாக்கெடுப்பு வேண்டவே வேண்டாம். வாக்கு தெரியாவிட்டால் மறுநாள் துப்புத் துலக்க ஒன்றும் மிஞ்சாது.

இதையும் செய்து பார்த்த பிறகும் மூத்தவர்களைத் தொட மாட்டேன் என்கிறார்கள் என்றால், மூத்தவர் ஒருவரை நடுவராக்கிவிடுங்கள். பெரும்பாலான தாத்தாக்கள் இந்த வேலையைக் கம்பீரமாகச் செய்வார்கள், இரவுக் காட்சியை வர்ணிப்பதில் எங்களில் பலரைவிட அவர்களுக்குக் கைவந்த கலை.

அறிகுறி: ஒரே தரப்பு தொடர்ந்து ஜெயிக்கிறது

முதலில் மேலே சொன்ன கசிவுச் சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள். ஊர் தொடர்ந்து ஜெயித்தால் காரணம் அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம்.

*மாஃபியாவே தொடர்ந்து ஜெயிக்கிறதென்றால்*

பகலில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுங்கள். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். டாக்டரும் போலீசும் இல்லை, ஒரே ஒரு மாஃபியா, பகலில் யாரை அனுப்புவதென்று ஊர் குருட்டாம்போக்கில் முடிவு செய்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், முதல் பகலில் 7 பேர் இருக்கையில் மாஃபியா ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 46 சதவீதம். 8 பேர் இருந்தால் சுமார் 55 சதவீதம். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டினால் ஊருக்குப் பலம் என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு. 7 பேர் இருந்தால் 7, 5, 3 என்ற எண்ணிக்கைகளில் மூன்று வாக்கெடுப்பு நடக்கும். 8 பேர் இருந்தாலும் 8, 6, 4 என்று அதே மூன்றுதான். வாய்ப்பு கூடவில்லை, சந்தேகப்பட வேண்டிய தலை மட்டும் ஒன்று கூடிவிட்டது. இரண்டு மாஃபியா இருக்கும்போதும் இதே கதைதான்: பகலில் 9 பேர் என்றால் மாஃபியாவுக்குச் சுமார் 70 சதவீதம், 10 பேர் என்றால் சுமார் 78.

ஆகவே இரவில் தொடங்கும் ஆட்டத்துக்கு இரட்டைப்படையில் ஆள் சேருங்கள். முதல் கொலைக்குப் பிறகு பகல் ஒற்றைப்படையில் விடியும். ஆள் தொகை அமையவில்லையென்றால் ஆட்டத்தைப் பகலில் தொடங்குங்கள், அல்லது முதல் இரவில் கொலை கிடையாது என்று வையுங்கள். டாக்டர் யாரையாவது காப்பாற்றிவிட்டால் கணக்கு மறுபடி இரட்டைப்படைக்குப் போகும். அப்போது "இன்று யாரையும் வெளியேற்ற வேண்டாம்" என்று வாக்களிக்க ஊருக்கு உரிமை கொடுங்கள். இரட்டைப்படை நாளில் சும்மா இருப்பது ஊருக்கு லாபம் என்பதைக் கணக்குத் தெரிந்த ஒருவர் எடுத்துச் சொல்ல, "அப்படின்னா நீதான் மாஃபியா" என்று மற்றவர்கள் அவர்மேல் பாய்வது பார்க்கச் சுவையான காட்சி.

இதற்குப் பிறகும் மாஃபியாவே ஜெயித்தால் அதன் தொகையைக் குறைக்க வேண்டும். ரஷ்யப் போட்டிகளில் 10 பேருக்கு மூன்று பேர் கறுப்பு அணி (இருவர் மாஃபியா, ஒருவர் அவர்களின் தலைவரான டான்), ஏழு பேர் சிவப்பு அணி (ஆறு ஊர்க்காரர், ஒரு ஷெரீப், அதாவது நம் போலீஸ்), டாக்டரே கிடையாது. அதைப் படித்துவிட்டு வீட்டிலும் மூன்று மாஃபியா வைப்பவர்கள், அங்கே மாஃபியாவின் கை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. முதல் இரவு நீங்கலாக அவர்கள் ஒருவரோடொருவர் சைகை பேச முடியாது. நடுவர் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வர, மூவரும் கண்ணை மூடியபடியே ஒரே எண்ணில் சுட வேண்டும். ஒருவர் பிசகினாலும் குறி தப்பிவிடும். அந்தக் கட்டுப்பாடு இல்லாத நம் ஆட்டத்தில் 10 பேருக்கு இரண்டு மாஃபியாவே தாராளம். 7 பேருக்குக் குறைவென்றால் ஒன்று போதும்.

*ஊரே தொடர்ந்து ஜெயிக்கிறதென்றால்*

போலீஸ் இரண்டாம் நாள் எழுந்து "நான்தான் போலீஸ், 3ஆம் எண் மாஃபியா" என்கிறார். டாக்டர் அதன்பின் ஒவ்வொரு இரவும் போலீசையே காப்பாற்றுகிறார். போலீஸ் தினம் ஒருவரைச் சோதித்து முடித்துவிடுகிறார். இது ஊரின் சாமர்த்தியமாகத் தோன்றினாலும் விதியில் உள்ள ஓட்டை. டாக்டர் ஒரே ஆளை அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் காப்பாற்றக் கூடாது, தன்னைத் தானே ஒருமுறைக்கு மேல் காப்பாற்றிக்கொள்ளக் கூடாது என்று வைத்தால் ஓட்டை அடைபடும். அடுத்து, செத்தவர்கள் யாராக இருந்தார்கள் என்று அறிவிப்பதை நிறுத்துங்கள். செத்தது போலீசா ஊர்க்காரரா என்று தெரியாதபோது, மாஃபியா ஒருவர் துணிந்து "போலீஸ் நான்" என்று எழுந்து நிற்க முடியும். ஒரே நாளில் இரண்டு பேர் தாங்கள்தான் போலீஸ் என்று அடித்துப் பேசும் பகல்தான் இந்த ஆட்டத்தின் உச்சம், அதற்கு வழி திறந்துவைப்பது நடுவரின் கடமை.

அதுவும் போதவில்லையென்றால் மாஃபியாவில் ஒருவரை டான் ஆக்குங்கள். ஒவ்வொரு இரவும் அவர் ஒருவரைச் சுட்டி "இவர் போலீசா" என்று நடுவரிடம் தெரிந்துகொள்ளலாம்.

அறிகுறி: "சத்தியமா நான் இல்லை" என்றதும் ஆட்டம் முடிந்துவிடுகிறது

அம்மா மேல் சத்தியம், சாமி மேல் சத்தியம், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம். ஒருவர் இதைச் செய்ததும் மற்றவர்களும் செய்ய வேண்டியதாகிறது. செய்யத் தயங்குபவர்தான் மாஃபியா. திருத்தம் ஒன்றே ஒன்று: ஆட்டம் தொடங்கும் முன்பே சத்தியத்துக்குத் தடை என்று அறிவித்துவிட வேண்டும், செய்தவர் எந்தத் தரப்பாக இருந்தாலும் உடனே வெளியே. போட்டி விதிகளிலும் சத்தியத்துக்கும் பந்தயம் கட்டுவதற்கும் தடை உண்டு. சீட்டைத் தூக்கிக் காட்டுவது, "என் கண்ணைப் பாத்துச் சொல்லு" என்று கணவனிடமோ தங்கையிடமோ கேட்பது ஆகியவற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பின்னதை முழுவதும் தடுக்க முடியாது. கணவன் மனைவி இருவரையும் எதிரெதிராக உட்கார வைக்காமல் ஒரே வரிசையில் இரண்டு ஆள் தள்ளி உட்கார வைத்தால் பாதி குறையும்.

அறிகுறி: மாஃபியா சீட்டு கிடைத்ததும் முகம் காட்டிக்கொடுத்துவிடுகிறது

சிரிப்பை அடக்கச் சொல்லிப் பயனில்லை. எல்லாரையும் சிரிக்க வைப்பதே எளிது: சீட்டு எடுத்ததும் அரை நிமிடம் எல்லாரும் ஒருவரையொருவர் முகம் பார்த்துச் சிரித்துத் தீர்க்கட்டும், அதன் பிறகு முதல் இரவைத் தொடங்குங்கள்.

பேச்சில் மாட்டிக்கொள்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. புதியவர்கள் மாஃபியா ஆனதும் பொய்யை முதலிலேயே முழுதாகக் கட்டிவிட நினைக்கிறார்கள், பிறகு அதைத் தூக்கிச் சுமக்க முடியாமல் தடுமாறுகிறார்கள். உண்மையில் மாஃபியா சொல்ல வேண்டிய பொய் ஒன்றே ஒன்றுதான், தான் ஊர்க்காரர் என்பது. மற்றபடி "2ஆம் எண் நேற்று வாக்கை மாற்றினார்" என்பது போன்ற உண்மைகளையே பேசிக்கொண்டு போகலாம். கூட்டாளியை ஒருபோதும் தொடாமல் விடுவதும், கூட்டாளியோடு எப்போதும் ஒரே ஆளுக்கு வாக்களிப்பதும் மூன்றாம் நாளில் கண்டிப்பாக மாட்டிவிடும். கூட்டாளி தப்ப வழியே இல்லை என்று தெரிந்த நாளில், அவருக்கு எதிராக முதல் விரலை நீட்டுபவர் நீங்களாக இருங்கள். மறுநாள் ஊரே உங்களை நம்பும்.

ஊர்க்காரராக இருக்கும்போது வாய் ஓயாமல் பேசிவிட்டு மாஃபியா ஆனதும் ஊமையாகிறவர்களுக்கு மருந்து அடுத்த ஆட்டத்தில்தான் இருக்கிறது. ஊர்க்காரராக இருக்கும்போதே கொஞ்சம் பேச்சைக் குறைத்துவைக்க வேண்டும்.

அறிகுறி: செத்தவர்கள் சலித்துப்போய் எழுந்து போகிறார்கள்

ஆட்டம் நீளமா என்று முதலில் பாருங்கள்; பகலுக்கு எட்டு நிமிடம், வாக்கெடுப்புக்கு இரண்டு நிமிடம் என்று கட்டிப்போட்டால் 10 பேர் ஆட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். சாகும்போது அரை நிமிடம் கடைசிப் பேச்சுக்கு இடம் கொடுங்கள். முதல் இரவில் சாகிறவருக்குப் போட்டி விதிகள் ஒரு சலுகை தருகின்றன: தனக்குச் சந்தேகமுள்ள மூன்று எண்களைச் சொல்லிவிட்டுப் போகலாம். வீட்டிலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். செத்தவர்கள் இரவில் கண்ணைத் திறந்திருக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. நடுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதே பலருக்குப் பெரிய பொழுதுபோக்கு.

ஒரே ஆள்தான் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் இரவில் சாகிறார் என்றால், அவர் நன்றாக ஆடுபவராகவோ எல்லாரும் சீண்டிப் பார்க்கும் ஆளாகவோ இருப்பார். முதல் இரவில் கொலை கிடையாது என்பது இங்கும் மருந்து. ஆனால் அப்போது ஆட்டம் தொடங்கும் ஆள் தொகை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதெல்லாம் போதாதபோது, யாரும் இடையில் வெளியேறாத ஆட்டத்துக்கு மாறுவதுதான் வழி. அதற்குப் பெட்டி வாங்கும் செலவு உண்டு. 2009இல் வந்த தி ரெசிஸ்டன்ஸ் 5 முதல் 10 பேர் வரை ஆடக்கூடியது. யாரும் சாக மாட்டார்கள், ரகசியப் பணிகளுக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூழ்ச்சி. 2014இல் வந்த ஒன் நைட் அல்டிமேட் வேர்உல்ஃபில் ஒரே ஓர் இரவும் ஒரே ஒரு பகலும்தான். நடுவர் வேலையைக் கைப்பேசிச் செயலியே பார்த்துக்கொள்ளும். அந்தச் செயலி பேசுவது ஆங்கிலத்தில் என்பதை, பாட்டி ஆட வருவதாக இருந்தால், வாங்கும் முன்பே யோசியுங்கள்.

அறிகுறி: ஆட்டம் சண்டையில் முடிகிறது

"நீ என்னை நம்பவே இல்லைல்ல?" என்ற கேள்வி ஆட்டம் முடிந்த பிறகும் தொடர்கிறதா என்று கவனியுங்கள். ஆட்டத்துக்குள் எழும் கோபம் பெரும்பாலும் நேரம் கடந்ததாலும் பசியாலும் வருவது. சாப்பாடு போட்டால் தணியும். வாதத்தில் வீட்டு விஷயம் வந்தால், அதாவது "நீ எப்பவுமே இப்படித்தான், அன்னைக்குப் பணம் விஷயத்துலயும்" என்று தொடங்கினால், நடுவர் அந்தப் பேச்சை வெட்டி, நேற்றைய இரவைப் பற்றி மட்டும் பேசச் சொல்ல வேண்டும். இரண்டாவது முறையும் அதே திசையில் போனால் அந்த ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடிவு அறிவிக்க வேண்டாம், யார் மாஃபியா என்றும் சொல்ல வேண்டாம். இது நடுவரை மாற்றுவதாலோ விதியை மாற்றுவதாலோ தீரும் கோளாறு இல்லை, வெளியாளை அழைப்பதாலும் தீராது.

வெளியிலிருந்து நடுவரை அழைக்க வேண்டிய கட்டம்

மற்ற எல்லா அறிகுறிகளிலும், மேலே சொன்ன திருத்தங்களை அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் செய்து பார்த்தும் மாற்றம் இல்லையென்றால் அனுபவமுள்ள நடுவர் ஒருவரை அழைக்கலாம். 15 பேருக்கு மேல் கூடும் அலுவலக நிகழ்ச்சிகளுக்கு முதலிலேயே அழைத்துவிடுவது நல்லது, ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் இரவை நடத்துவதும் வாக்கு எண்ணுவதும் நேரம் பார்ப்பதும் ஒருவரால் ஆகாத காரியம், இரண்டு பேராவது வேண்டும். பெரிய நகரங்களில் போர்டு கேம் ஆடும் குழுக்களில் இப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள்; கல்லூரி விடுதியில் இரண்டு மூன்று வருடம் இதை நடத்திய அண்ணனோ அக்காவோ உங்கள் சொந்தத்திலேயே இருக்கலாம்.

வருபவரிடம் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், எவ்வளவு நேரம், இதுவரை எந்தத் தரப்பு ஜெயித்துக்கொண்டிருக்கிறது, சத்தியத் தடை இருக்கிறதா என்ற ஐந்தையும் முன்பே சொல்லிவிடுங்கள். தரையில் உட்காரப்போகிறீர்களா நாற்காலியிலா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்ல நடுவராக இருந்தால் அவரே முதலில் அதைத்தான் கேட்பார்.